பூட்டனின் பட்டாளப் பெட்டி: 19ஆம் நூற்றாண்டுச் சிப்பாயின் பதக்கம், காகிதம், கோட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டாளம், பெரம்பூர் பாரக்ஸ் ரோடு, புளியந்தோப்பு, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை என்று வடசென்னையில் எங்கே பேச்சுக் கொடுத்தாலும், "எங்க வீட்லயும் ஒரு மெடல் இருந்துச்சு" என்று ஒருவராவது சொல்கிறார். அந்த 'இருந்துச்சு' எனக்கு வருத்தம் தருகிற சொல். பல வீடுகளில் அது உருக்கப்பட்டோ, வெள்ளத்தில் போயோ, யாருடையது என்று தெரியாமலோ தொலைந்திருக்கிறது. பெட்டி இன்னும் கையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எங்க பூட்டன் மிலிட்டரில இருந்தாருன்னு ஆயா சொல்லிக்கினே இருக்கும். அந்தக் காலத்துல இந்தியன் ஆர்மி ஏது?

அன்று இருந்தவை மூன்று தனித்தனிப் படைகள்: வங்காளம், பம்பாய், மதராஸ். நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மதராஸ் படையில் இருந்தார்கள். 1858 வரை அது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, அதன் பிறகு பிரிட்டிஷ் அரசின் படை. 1895இல் மூன்றையும் கலைத்து ஒரே இந்தியப் படையாக்கினார்கள்.

காலாட்படை, குதிரைப்படை தவிர, பாலம் கட்டுவது, பாதை போடுவது, கோட்டைச் சுவரை வெடிவைத்துத் தகர்ப்பது போன்ற வேலைகளுக்கு 'மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்ற பிரிவு இருந்தது. 1780இல் தொடங்கிய அந்தப் படை இன்றும் பெங்களூரில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பாக இருக்கிறது. வீட்டில் "சப்பர்", "சாப்பர்" என்று ஏதாவது பேச்சு அடிபட்டால் அதைக் குறித்து வையுங்கள். தேடுவதற்கு அதுவே நல்ல தொடக்கம்.

ராணி தலை போட்ட வெள்ளி ஒண்ணு கீது. அது மெடலா, பழைய ரூபாயா?

ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். விக்டோரியா ரூபாய் சுமார் 30 மில்லிமீட்டர் அகலம், எடை 11.66 கிராம், ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். பதக்கம் சுமார் 36 மில்லிமீட்டர், கனமாக இருக்கும், ஓரம் வழவழப்பு. அந்த வழவழப்பான ஓரத்தில்தான் பெயர் பொறித்திருப்பார்கள்.

மேலே ரிப்பன் கோக்கும் பட்டை உடைந்து, அங்கே ஒரு வளையம் பற்றவைக்கப்பட்டிருந்தால் யாரோ கழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைக் குறையாக நினைத்து வளையத்தைப் பிய்த்துவிடாதீர்கள். சிப்பாய்க்குப் பின் அந்தப் பதக்கம் யார் கழுத்தில் இருந்தது என்பதும் குடும்பக் கதைதான்.

மெடல வெச்சு எந்தச் சண்டைக்குப் போனாருன்னு சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். நம் பக்கம் அதிகம் எதிர்பார்க்கக்கூடியது பர்மா. 1824–26இல் நடந்த முதல் பர்மா சண்டைக்குக் கம்பெனி கொடுத்த பதக்கத்தில் ராணி தலை இருக்காது. சிங்கத்தின் முன்னால் ஒரு யானை மண்டியிட்டிருக்கும், பாரசீக எழுத்தும் இருக்கும், மறுபக்கம் ரங்கூன் பகோடாவைத் தாக்கும் காட்சி. இது கிடைத்தால் அரிய பொருள். அதே காலச் சண்டைகளுக்கு 1851இல் இன்னொரு பதக்கமும் அறிவித்தார்கள். 1799 முதல் 1826 வரை என்று ஆண்டு போட்டிருக்கும். அன்று உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது என்பதால், உங்கள் வீட்டில் இருந்தால் அவர் முதுமை வரை வாழ்ந்தவர் என்பதும் தெரிந்துவிடுகிறது.

சிறகு முளைத்த தேவதை, உட்கார்ந்திருக்கும் வீரனுக்கு மாலை சூட்டினால் அது 1854இல் தொடங்கிய இந்தியா ஜெனரல் சர்வீஸ் பதக்கம். சிவப்பு ரிப்பனில் இரண்டு நீலக் கோடு. இந்த ஒரே பதக்கத்தைப் பல சண்டைகளுக்குக் கொடுத்ததால், ரிப்பன் மேலிருக்கும் பட்டையைப் படித்தால்தான் எந்தச் சண்டை என்று தெரியும். 'பெகு' என்றால் 1852–53, இரண்டாம் பர்மா யுத்தம். 'பர்மா 1885-7' என்றால் பர்மாவின் கடைசி மன்னர் திபாவைப் பிடித்த சண்டையும் அதற்குப் பின் நடந்தவையும். அந்தத் திபாவை ரத்னகிரிக்குக் கொண்டுபோகும் முன் மதராஸில்தான் வைத்திருந்தார்கள்.

பனைமரத்தின் கீழே ஆயுதக் குவியல் இருந்தால் சீனா. எந்த ஆண்டு என்பதைக் கீழ்ப்பகுதியில் பாருங்கள். 1842 என்று இருந்தால் முதல் அபின் யுத்தம். யானை மேல் பீரங்கி என்றால் ஆப்கானிஸ்தான். ஸ்பிங்ஸ் சிலை என்றால் 1882இல் தொடங்கிய எகிப்துச் சண்டைகள். அதோடு ஐந்து முனை வெண்கல நட்சத்திரம் ஒன்றையும் எகிப்தின் ஆட்சியாளரான கெதிவ் கொடுத்தார். அந்த நட்சத்திரத்தில் பொதுவாகப் பெயர் இருக்காது. நடுவில் சின்ன ராணி முகம், சுற்றி ஒன்பது முனை நட்சத்திரம் என்றால் 1867–68 அபிசீனியா, இன்றைய எத்தியோப்பியா. சாப்பர்கள் போன சண்டை அது.

எங்களுது வெள்ளி இல்ல, செம்பு கலர்ல இருக்கு. டூப்ளிகேட்டா?

அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். 'பர்மா 1885-7' பட்டை வந்த காலத்திலிருந்து, படையோடு போன டோலி தூக்குபவர்கள், தண்ணீர்க்காரர்கள், சமையல்காரர்கள், பணியாளர்களுக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். துப்பாக்கி பிடிக்காதவர்களும் அதே காட்டில், அதே காய்ச்சலில் கிடந்தவர்கள்தான்.

வெள்ளியைவிட இந்த வெண்கலத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். டோலி தூக்கிய ஒருவரின் பெயரை எழுத்தில் பார்க்க வேறு வழி மிகக் குறைவு.

ஓரத்துல எழுத்து இருக்கு, ஆனா படிக்க முடியல. பேரும் எங்க தாத்தா பேரு மாதிரி இல்லையே?

அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கப் பிடியுங்கள். எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழும். ஓரம் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுங்கள். சுண்ணாம்பு, மாவு, மை எதையும் தேய்க்க வேண்டாம்.

வழக்கமாகப் பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சுருக்கமாக இருக்கும். சில பதக்கங்களில் ஆள் எண்ணும் உண்டு. சிப்பாய், நாயக், அவில்தார், ஜமேதார், சுபேதார் என்று பதவி ஏறுவரிசை. பெயரை ஆங்கிலேய எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி 'மூனிசாமி' ஆவார், வீராசாமி 'வீரசாமி' ஆவார், தகப்பனார் பெயர் காணாமல் போகும். ஆகவே எழுத்து மாறியிருப்பதால் மட்டும் "இவர் நம்ம ஆள் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே ரெஜிமெண்டில் பல முனுசாமிகள் இருந்திருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆள் எண் இருந்தால் பெயரைவிட அதற்கே மதிப்பு அதிகம்.

23வது மெட்ராஸ் ரெஜிமெண்ட்னு போட்டிருக்கு. கூகுள்ல அடிச்சா வேற ஏதோ வருது.

எண்கள் மாறிவிட்டன. 1903இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படை முழுவதையும் ஒரே வரிசையில் எண்ணியபோது, மதராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டினார்கள். உங்கள் 23வது, 83வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 3வது, 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. 13வது, 73வது கர்னாடிக் இன்ஃபன்ட்ரி. 1வது, 61வது பயனியர்ஸ். இடையிலேயே கலைக்கப்பட்ட படைகளும் உண்டு, அவற்றுக்கு இந்தக் கணக்கு ஓடாது.

1885 வரை 'மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி' என்று இருந்த பெயரில் 'நேட்டிவ்' பிறகு விழுந்துவிட்டது. அதனால் பெயரில் அந்தச் சொல் இருக்கிறதா என்பதும் காலம் சொல்லும். இப்போதுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் நீலகிரியில் உள்ள வெலிங்டனில் இருக்கிறது. ஆனால் பழைய காலாட்படைகள் 1920களில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் மறுபடி எழுப்பப்பட்டவை. 1850இல் இருந்த சிப்பாயின் ஏடு அங்கே இருக்கும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வருமே?

வரும், கூடவே பெயரும் போய்விடும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். புளி, விபூதி, பல்பொடி, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எல்லாமே வெள்ளியின் மேல்தோலைச் சுரண்டுகின்றன. ஓர எழுத்தின் ஆழம் மிகக் குறைவு. வருஷாவருஷம் பொங்கலுக்குத் தேய்த்தால் ராணியின் மூக்கும் பூட்டனின் பெயரும் சேர்ந்தே தேய்ந்துவிடும். நகைக்கடையில் கொடுத்து மெருகேற்றுவதும் இதேதான்.

கறுப்பு என்பது வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம். பக்கிங்ஹாம் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓடை ஓரம் குடியிருப்பவர்களுக்கு அந்த வாயுவின் நாற்றம் தெரியும். அந்தப் படலத்தால் பதக்கத்துக்குப் பெரிய கேடில்லை, அப்படியே விடலாம். விரல் வியர்வை படாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள், மெல்லிய பருத்தித் துணியால் தூசியை மட்டும் ஒற்றி எடுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதில் கந்தகம் உண்டு. கம்பளித் துணியிலும் சுற்ற வேண்டாம். ரிப்பன் கிழிந்திருந்தாலும் அது அவர் நெஞ்சில் இருந்த ரிப்பன். புது ரிப்பன் மாட்டினால் பழையதைத் தூக்கிப் போடாமல் கூடவே வையுங்கள்.

வெண்கலப் பதக்கம், பித்தளைப் பொத்தான் என்றால் கவனிக்க வேண்டியது வேறு. காசிமேடு, ராயபுரம் பக்கத்து உப்புக் காற்று பட்டால் வெளிர் பச்சையாக மாவு போலப் பூக்கும். அதைத் துடைத்து ஏமாறாதீர்கள், உள்ளே அரித்துக்கொண்டே போகும். அந்தப் பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வைத்துவிட்டு, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே போய் யோசனை கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் பேப்பர் மடிப்புல கிழியுது. லேமினேட் பண்ணிட்டா பத்திரமா இருக்குமில்ல?

தயவுசெய்து வேண்டாம். லேமினேஷன் சூட்டில் ஒட்டுவது, பிறகு பிரிக்கவே முடியாது. பழைய காகிதத்தின் அமிலமும் மையும் உள்ளேயே அடைபட்டுக் காகிதத்தைத் தின்னும். செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் பழுப்புக் கறையாகிவிடும். மடிப்பைப் பிரித்து, தட்டையாக, அமிலமில்லாத தாள்களின் நடுவே ஒரு ஃபைலில் வையுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து, வீட்டில் இரண்டு மூன்று பேர் கையில் இருக்கும்படி அனுப்புங்கள்.

வீட்டில் உள்ளவற்றில் அதிகம் பேசுவது இந்தக் காகிதம்தான். பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, வயது, உயரம், எத்தனை வருஷ சேவை, நடத்தை எப்படி என்று ஒரு மனிதரையே அதில் எழுதியிருப்பார்கள். பென்ஷன் சான்றும் அப்படியே. கடல் கடந்து போன சிப்பாயின் சம்பளத்தில் ஒரு பகுதி ஊரில் குடும்பத்துக்குக் கிடைக்க ஏற்பாடு இருந்தது. அதற்கான சீட்டு கிடைத்தால் அதில் மனைவி பெயரோ தாய் பெயரோ இருக்கக்கூடும். ஆண்கள் பெயராகவே நிரம்பிய பெட்டியில் அது ஒரு பொக்கிஷம்.

கோட்டு, பெல்ட்டு, போட்டோ எல்லாம் பரண்ல டிரங்குப் பெட்டில கிடக்கு. அப்டியே விட்டுடலாமா?

தகரக் கூரைக்கோ ஆஸ்பெஸ்டாஸுக்கோ அடியில் உள்ள பரண் என்றால் வெயிலில் வெந்துபோகும். தரையோடு ஒட்டிய அலமாரித் தட்டும் ஆகாது. 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் நம் பக்கத்தில் என்ன செய்தன என்று சொல்லத் தேவையில்லை. ஈரச் சுவரைத் தொடாத அலமாரியின் மேல்தட்டு நல்லது. வெள்ளம் பட்டுவிட்டால் காகிதத்தையும் போட்டோவையும் வெயிலில் போடாமல், நிழலில் ஃபேன் காற்றில், மை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே காயவிடுங்கள்.

சிவப்புக் கம்பளிக் கோட்டைச் சலவைக்குப் போடக் கூடாது. முழுசாக மடிக்காமல், மடிப்பு விழும் இடத்தில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுருட்டி வைத்து, மாதம் ஒருமுறை பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான்களை அறுத்து எடுக்காதீர்கள், அவற்றில் ரெஜிமெண்ட் எண் இருக்கும். போட்டோ என்றால் பின்பக்க அட்டையைப் பாருங்கள். மவுண்ட் ரோடு நிக்கோலஸ் போன்ற ஸ்டுடியோக்கள் தங்கள் பெயரை அச்சிட்டிருப்பார்கள், அதை வைத்தே காலத்தை நெருங்கிவிடலாம்.

வாள் ஒண்ணு இருக்கு. வெளிய சொன்னா போலீஸ் பிரச்சனை வருமா?

வாளை வீட்டில் நினைவுப் பொருளாக வைப்பது ஒன்று, தெருவில் எடுத்துக்கொண்டு போவது வேறு. ஊர்வலம், கல்யாண போட்டோ என்று வெளியே எடுக்காதீர்கள். நீளமான கத்தி வகைகளுக்கு உரிமம் வேண்டும் என்று அரசு அறிவித்த பகுதிகள் உண்டு, உங்கள் பகுதி நிலவரத்தை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய துப்பாக்கி என்றால் தாமதமே வேண்டாம், உடனே சட்ட யோசனை பெறுங்கள். துருவைச் சுரண்டி, எண்ணெய் போட்டு, வேலை செய்கிறதா என்று சோதிப்பது ஆபத்து.

பேப்பரும் இல்ல, மெடலும் இல்ல. வெறும் கதைதான் இருக்கு. அதுக்கு மதிப்பு உண்டா?

உண்டு. ஆயாவோ பெரியப்பாவோ பேசும்போது செல்போனில் பதிவு செய்யுங்கள், குறுக்கே திருத்தாதீர்கள். சின்ன விவரம்தான் பயன்படும். உதாரணமாக, "சீனாவுல மழைல துப்பாக்கி வெடிக்கல, சுத்தி வளைச்சிட்டாங்க" என்று ஒரு வீட்டில் சொல்லி வந்தால் அது 1841 மே மாதம் கான்டன் அருகே 37வது மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனிக்கு உண்மையில் நடந்ததோடு பொருந்துகிறது. "அலையில படகுல போயி கப்பல் ஏறுனாங்க" என்றால், துறைமுகம் வரும் முன் மசூலா படகில் ஏறிப்போன காலம். "மீசை முளைக்கறதுக்கு முன்னாடியே சேந்துட்டாரு" என்பதையும் தள்ள வேண்டாம். சிப்பாய்களின் பையன்களைச் சிறுவர்களாகவே சம்பளத்தில் சேர்க்கும் வழக்கம் மதராஸ் படையில் இருந்தது.

ஆனால் எழுதி வைக்கும்போது பொருள் சொல்வதையும் வீடு சொல்வதையும் தனித்தனியாக எழுதுங்கள். "ஓரத்தில் நாயக் என்று இருக்கிறது" ஒரு வரி. "சுபேதார் என்று ஆயா சொன்னார்" இன்னொரு வரி. இரண்டையும் கலந்து ஒன்றாக்கினால், அடுத்த தலைமுறைக்கு எதை நம்புவது என்று தெரியாது. பதக்கம் வாங்கிய பிறகு அவர் பதவி உயர்ந்திருக்கவும் கூடும், இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

எழும்பூர் ஆர்கைவ்ஸ்ல போயி பேரு சொன்னா எடுத்துக் குடுப்பாங்களா?

பெயரை மட்டும் சொன்னால் கடினம். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் அரசின் இராணுவத் துறைக் கோப்புகள் உண்டு. ஆனால் அவை ஆள் பெயர் வரிசையில் இல்லை, துறையும் தேதியும் வைத்துத் தேட வேண்டியவை. அதனால் மேலே சொன்ன ரெஜிமெண்ட் எண், சண்டை, ஆண்டு மூன்றையும் முதலில் கையில் சேர்த்துக்கொண்டு போங்கள். பதக்கம் பெற்றவர்களின் பட்டியல்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பிலும் இருக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சர்ச் பதிவேட்டில் ஞானஸ்நானம், கல்யாணம் நடந்தபோது தகப்பனார் தொழிலை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பீச் பக்கத்துப் போர் நினைவுச் சின்னத்திலோ நந்தம்பாக்கம் கல்லறைத் தோட்டத்திலோ பெயர் தேடிப் பலர் ஏமாந்து வருகிறார்கள். அவை உலகப் போர்களை ஒட்டி எழுந்தவை, 1800களின் சிப்பாய்க்கு அங்கே இடமில்லை.

அண்ணன் தம்பி நாலு பேரு. ஆளுக்கு ஒண்ணா பிரிச்சிக்கலாம்னு பேசறோம். சரிதானே?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பிரிக்காதீர்கள். பதக்கம் ஒரு வீட்டில், காகிதம் ஒரு வீட்டில் போனால், பத்து வருஷத்தில் ஒன்று பெயரில்லாத வெள்ளி, இன்னொன்று என்னவென்று புரியாத காகிதம். பெட்டி ஒருவரிடம் இருக்கட்டும். மற்ற மூவரிடமும் எல்லாப் படமும், எழுதிய கதையும், "இது நால்வருக்கும் பொது" என்று நால்வரும் கையெழுத்திட்ட தாளும் இருக்கட்டும். பெண் பிள்ளைகளையும் அந்தத் தாளில் சேருங்கள், அவருக்கு அவர்களும் வாரிசுதான்.

காசு கஷ்டம். ஃபாரின்காரன் நல்ல விலை கேக்கறான், வித்துடலாமா?

வெளிநாட்டுக்கு விற்பது சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு வருஷம் கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாடு அனுப்பக் கூடாது. வரலாற்று மதிப்புள்ள ஆவணம் என்றால் எழுபத்தைந்து வருஷமே போதும். தபாலில், ஆன்லைன் ஏலத்தில் என்றாலும் அதேதான்.

உள்நாட்டில் விற்பது உங்கள் உரிமை, கஷ்டத்தில் விற்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சௌகார்பேட்டையில் எடைக்குப் போடாதீர்கள், உருகினால் எல்லாம் போச்சு. உரிமம் பெற்ற வியாபாரியிடம் போங்கள், விற்கும் முன் மேலே சொன்னபடி எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். கொடுத்துவிடலாம் என்ற மனநிலை வந்தால் கோட்டை அருங்காட்சியகத்தில் பேசிப் பார்க்கலாம். அங்கே பதக்கங்களும் ஆயுதங்களும் சீருடைகளும் காட்சியில் உள்ளன. ஏற்றுக்கொண்டால் எழுத்தில் ரசீது வாங்குங்கள், கதையையும் தட்டச்சு செய்து கூடவே கொடுங்கள்.

வெள்ளக்காரனுக்குச் சண்ட போட்டவரு. இத வெளிய காட்டறது அசிங்கம்னு எங்க நைனா சொல்றாரு.

உங்கள் நைனா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பர்மாக்காரர்களும் சீனர்களும் நமக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அவர்கள் ஊருக்குள் போய்ச் சண்டை போட்ட படை அது. அதே மதராஸ் படையின் சிப்பாய்கள்தான் 1806இல் வேலூரில் எழுந்து உயிரையும் கொடுத்தார்கள். சம்பளம், பென்ஷன், பஞ்சத்தில் ஒரு பிடி அரிசி என்று சேர்ந்தவர்களும் அதே வரிசையில் நின்றார்கள். உங்கள் பூட்டன் இதில் எங்கே நின்றார் என்று தெரிய வேண்டுமானால் பெட்டி இருக்க வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதா, அலமாரிக்குள் வைப்பதா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். வெட்கப்பட்டு எரித்துவிட்டால், உங்களுக்குப் பிறகு வருபவர்கள் தாங்களே யோசித்து முடிவெடுக்க எதுவும் இருக்காது.

பேப்பர்ல சாதி எழுதியிருக்கு. ஃபேமிலி குரூப்ல போடறப்ப அத மறைச்சிடலாமா?

பிரதியில் மறைப்பது உங்கள் விருப்பம். பொதுவில் போடும் படம் என்றால் மறைத்துத்தான் போடுங்கள் என்றே சொல்வேன், இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களுக்குத் தொல்லை வரலாம். அசல் காகிதத்தில் மட்டும் ஒரு புள்ளி மையும் வைக்காதீர்கள், அந்த வரியைக் கிழிக்காதீர்கள்.

அந்த வரிக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. மதராஸ் படையில், குறிப்பாக சாப்பர்களில், பறையர்கள் நிறையப் பேர் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், 'போர்க்குணம் உள்ள இனம்' என்று வடக்கே சிலரைப் பிரித்துப் பேசும் கொள்கை வலுத்தபோது, தெற்கத்திக்காரர்களுக்கே கதவு குறுகியது. சீனா வரைக்கும் அபிசீனியா வரைக்கும் போய் வந்த ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறைப் பையன் ஏன் சேர முடியாமல் போனான் என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சியாக இருக்கலாம். அசலை உறையில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் "முழுப் படம் யாரிடம் இருக்கிறது" என்று மட்டும் எழுதி, பெட்டியிலேயே வையுங்கள்.